காலணாவுக்கு உடம்பு சரியில்லை

முதலில் அவன் பார்த்தது கையை மட்டும்தான்.

பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. கூட்டத்துக்குள் எங்கிருந்தோ நீண்டு வந்து, மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றைச் சிங்காரத்தின் மடியில் வைத்தது.

"கொஞ்சம் வெச்சுக்குங்க... ஆட்டாம வெச்சுக்குங்க... எறங்கறப்ப வாங்கிக்கிறேன்."

குரல் வந்தது. முகம் வரவில்லை. நடுவில் யாரோ ஒரு பெரியவரின் முதுகு மறைத்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியாகப் பாண்டிக்குப் போகிற பஸ் அது. எழுபத்து நாலாம் வருஷத்து ஆவணி மாதம். பிரம்மதேசத்தில் ஏறுகிறவர்களுக்கு அந்த பஸ்ஸில் என்றைக்குமே உட்கார இடம் கிடைத்ததில்லை. அதனால் உட்கார்ந்திருப்பவன், நிற்கிறவர்களின் மூட்டையை மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். யார் எவர் என்று கேட்கக் கூடாது. சிங்காரத்தின் மடியில் ஏற்கெனவே இன்ஜினுக்கு வாங்கிய புது பெல்ட் சுருண்டு கிடந்தது. அதன்மேல் கூடையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அந்தக் கைக்கு ஒரு முகம் இருக்குமே, அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்ததில் ஊர் வந்ததே தெரியவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளை, வேறென்ன யோசிப்பான்!

மரக்காணத்தில் இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் வாசலிலேயே முட்டிக்கொண்டன. சிங்காரம் கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி பச்சை வளையலைத் தேடினான்.

"முருகையா... இந்தக் கூடைக்காரப் பொண்ணு எறங்கிடுச்சாப்பா?"

"முன்னாடியே எறங்கியிருக்கும்பா. நீ எறங்கு, வண்டி லேட்டு!" என்று கண்டக்டர் முருகையன் விசிலை ஊதிவிட்டார்.

இறங்கிப் பார்த்தால் அவள் இல்லை. டீக்கடைப் பக்கம் இல்லை, மரத்தடியில் இல்லை. அரை மணி நேரம் நின்றான். கூடைக்குள் ஏதோ கரக் கரக்கென்று பிராண்டியது. மெல்ல மூடியைத் திறந்தான்.

காய்ந்த புல்லின்மேல் இரண்டு குட்டி ஆமைகள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்திருந்தன.

'அடிப்பாவி!' என்றது அவன் மனம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று யாருக்குத்தான் தெரியாது? அவள் வீட்டுப் பீடையை நைசாக இவன் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள். ஆட்டாம வெச்சுக்கணுமாம்... எவ்வளவு நடிப்பு!

கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. மரத்தில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. சிங்காரம் மீனவக் குப்பத்தில் பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த ஆமை, மாசி மாதத்தில் கரையேறி முட்டையிட்டுப் போகும் கடலாமை ஒன்றுதான். குஞ்சு பொரிந்ததும் தட்டுத்தடுமாறிக் கடலுக்குத்தான் ஓடும். பாவம், இதுகளையும் அம்மாவிடம் சேர்த்துவிடுவோம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தான்.

அலை காலைத் தொடுகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தான். சின்னதை எடுத்துத் தண்ணீரில் விட்டான். "போ ராசா... போய்ப் பொழைச்சுக்க."

ராசா போகவில்லை. அலை அதைப் புரட்டி மல்லாத்திப் போட்டது. நான்கு கால்களும் வெறுமனே உதைத்துக்கொண்டன. அடுத்த அலை அதை மூடியது.

"அடப்பாவி மனுஷா!"

மணலில் யாரோ ஓடிவருகிற சத்தம். திரும்புவதற்குள் ஒரு பெண் புடவையோடு முழங்கால் தண்ணீரில் பாய்ந்தாள். இரண்டு கையாலும் துழாவி ஆமையை அள்ளினாள். பச்சை வளையல்... அதே கை!

அவள் ஆமையைத் தலைகீழாகப் பிடித்து, கழுத்தை மெதுவாக நீவிவிட்டாள். அதன் வாயிலிருந்து நீர் சொட்டியது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அப்பப்பா... அந்தக் கண்கள்! நல்ல கரிய, பெரிய கண்கள். அவ்வளவு கோபத்திலும் அழகாக இருந்த கண்கள். சிங்காரம் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றான்.

"கண்ணு இருக்குதா உங்களுக்கு? இது காலைப் பாருங்க. துடுப்பா இது? குட்டி யானைக்கு இருக்கற மாதிரி இருக்குது. இது நடக்கற ஜீவன்ங்க... நீந்தாது!"

"ஆமைன்னா... கடல்லதானங்க..."

"இது மல்லாட்டைக் கொல்லை ஆமை! குடிக்கறதுக்கு மேல தண்ணி பட்டாலே ஆகாது. உப்புத் தண்ணியில முக்கியிருக்கீங்க!"

"நீங்கதானங்க தலையில கட்டிட்டு ஓடிட்டீங்க?"

"நானா? என்னை எங்க எறங்க விட்டாங்க? அடுத்த ஸ்டாப்புல தள்ளி விட்டாங்க. ரெண்டு மைல் ஓடி வர்றேன். டீக்கடையில கேட்டா, 'ஒரு ஆளு கூடையோட கடலுக்குப் போறான்'னு சொல்றாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு..."

சொல்லும்போதே குரல் உடைந்தது. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, ஆமையை முந்தானையில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொண்டு அழுதாள். சிங்காரம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான். அவள் தன் கண்ணைத் துடைக்கவில்லை, ஆமையைத் துடைத்தாள்.

அவள் பெயர் சாமுண்டீஸ்வரி. மரக்காணம் பால்வாடியில் டீச்சர். பிரம்மதேசத்தில் அம்மாவும் அவளும்தான். போன வருஷம், வேர்க்கடலை போடும் அவர்களுடைய மல்லாட்டைக் கொல்லையில் ஏர் ஓட்டியபோது கலப்பைக் கொழு பட்டு ஒரு குழி உடைந்து மூன்று குஞ்சுகள் கிடைத்தன. காசளவுதான் இருந்தன என்று காலணா, அரையணா, ஓரணா என்று பெயர் வைத்து வளர்த்தாள். ஓரணா செத்துப்போயிற்று.

"ரெண்டு எடத்துலேருந்து பொண்ணு பார்க்க வர்றேன்னு சொல்லிட்டு வரலை. ஆமையாலதான்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. ஆமை வெளிய போனாத்தான் மாப்பிள்ளை உள்ள வருவான்னு... காலையில கூடையைக் கையில குடுத்துட்டாங்க. பால்வாடியில வெச்சுக்க ஆயம்மா ஒத்துக்க மாட்டாங்க. இப்ப எங்க கொண்டு போறதுன்னு..."

"எங்கிட்ட குடுங்க" என்றான் சிங்காரம்.

அவள் பார்த்த பார்வையில் அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"நெஜமாங்க. நான் உப்பளத்துல தண்ணி எறைக்கற இன்ஜின் ஓட்டுறேன். இன்ஜின் கொட்டகை எந்நேரமும் காய்ஞ்சு சூடா இருக்கும். பீடை, தோஷம்னு சொல்ல அங்க யாரும் இல்ல. நான் பண்ணினதுக்கு... நானே பார்த்துக்கறேன். நீங்க வந்து சொல்லிக் குடுங்க."

காலணா முந்தானைக்குள்ளிருந்து லேசாகத் தும்மியது.

"சரி" என்றாள் அவள். "ஆனா, நான் வந்து பார்ப்பேன்."

அதைத்தானே அவனும் வேண்டினான்!

*

மூன்றாம் நாளே காலணாவுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. மத்தியானம் பால்வாடி விட்டதும் அவள் வரப்பின்மேல் நடந்து வந்தாள். இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு வந்த அவளைக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்த சிங்காரம், இன்ஜினுக்கு ஊற்ற வேண்டிய எண்ணெயைத் தன் காலில் ஊற்றிக்கொண்டான்.

அவள் காலணாவைக் கையில் வாங்கிக் காதருகில் வைத்துக் கேட்டாள்.

"கேளுங்க... விசில் மாதிரி வருதா? மூக்குல பாருங்க, நுரை முட்டை முட்டையா வருது. கழுத்தை நீட்டி வாயைத் தொறந்து மூச்சு வாங்குது. நெஞ்சுல சளி. ஓரணாவும் இப்படித்தான்..." முந்தானை முனையால் அதன் மூக்கைத் துடைத்தாள். "அதைக் கொன்னது நான்தான். தண்ணி பிடிக்கும்னு நெனச்சு ஈரப் பானையில விட்டு வெச்சேன். மூக்குல நுரை வந்தப்ப, அட, வெளையாடுதுன்னு சிரிச்சேன். மூணாம் நாள் கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. அப்புறம் தொறக்கவே இல்ல."

சிங்காரம் அவள் சொல்லச் சொல்லச் செய்தான். காலணாவைத் தனிப் பெட்டியில் வைத்தான். ஒன்றின் சளி மற்றதற்குத் தொற்றக் கூடாது. கை பொறுக்கிற வெதுவெதுப்பில் வெந்நீர், தட்டில் தாடை நனையாத மட்டம், கால் மணி நேரம் அதில் நிற்க வைத்து, ஈரம் போகத் துடைத்து, சூட்டில் விட வேண்டும். காலை வெயில் வேண்டும். ஆனால் பாதிப் பெட்டியில் நிழலும் வேண்டும். சோறு கூடாது, பால் கூடவே கூடாது. துத்தி இலை, செம்பருத்திப் பூ, முள்ளைச் சீவிய சப்பாத்திக்கள்ளி.

"நல்லா இருக்கற ஆமை கையில கல்லாட்டம் கனக்கும். காலைத் தொட்டா வெடுக்குனு உள்ள இழுக்கும். இது இழுக்க மாட்டேங்குது பாருங்க. ஓடும் கொஞ்சம் மெத்துனு இருக்குது. சுண்ணாம்புச் சத்து வேணும். முட்டை ஓடு பொடி பண்ணிக் கொண்டாரேன்."

"முட்டை ஓடு எதுக்குங்க? கணவாய் மீன் ஓடு கரையெல்லாம் கெடக்குது. நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு விப்பாங்களே, அதுதான். மாவாட்டம் உதிரும்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "பரவாயில்லையே... உங்க கடல்லயும் எங்க ஆமைக்கு ஏதோ ஒண்ணு இருக்குது."

முதல் வாரம் தினமும் வந்தாள். பிறகு ஊர் வாய்க்குப் பயந்து சனிக்கிழமை மட்டும் என்று ஆயிற்று. சனிக்கிழமை பால்வாடி அரை நாள். மூன்று மணி பஸ் வரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. சிங்காரத்துக்கு வாரத்தில் மற்ற ஆறு நாட்களும் எதற்காக இருக்கின்றன என்றே புரியவில்லை. வெள்ளிக்கிழமையே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான். கொட்டகையைப் பெருக்கினான். சனிக்கிழமை காலையில் வரப்பையே பார்த்துக்கொண்டு நிற்பான். தூரத்தில் வருவது உப்பு வாருகிற பெண்ணாக இருக்கும்... இல்லை, அவள்தான்... இல்லை, இல்லை... அப்படியே மனசு அலைக்கழியும். இன்ஜின் வேறு பக்கத்தில் நின்று தடதடத்து மானத்தை வாங்கும்.

ஒருநாள் அவள் கேட்டாள். "குப்பத்துல பொறந்துட்டு ஏன் கடலுக்குப் போகலை?"

அவன் யாரிடமும் சொல்லாத வெட்கம் அது. ஏனோ அவளிடம் சொல்லிவிட்டான். "படகு ஏறினா வாந்திங்க. மூணு தடவை கூட்டிட்டுப் போனாங்க. நாலாவது தடவை எங்க அப்பாவே, 'டேய், நீ கரையிலயே கெட'ன்னு விட்டுட்டாரு. குப்பமே சிரிச்சுச்சு."

அவள் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப நீங்களும் மல்லாட்டைக் கொல்லை ஆமைதான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் அடுத்த சனிக்கிழமை வரை பிழைத்தான்.

காலணாவின் மூக்கு காய்ந்தது. துத்தி இலையைக் கடிக்கத் தொடங்கியது. "கண்ணு தெளிஞ்சுடுச்சே" என்பான் சிங்காரம், மனசுக்குள் பகீரென்று. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "ம்... ஆனா உடனே விட்டுடக் கூடாது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்" என்பாள். அடுத்த வாரமும் அப்படியே. அவனுக்கு உயிர் திரும்பி வரும். கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். ஒரு வாயில்லா ஜீவனுக்கு உடம்பு தேறுகிறதே என்று கவலைப்படுகிற மனுஷன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான் இருப்பான்!

*

ஐப்பசி பிறந்த முதல் சனிக்கிழமை. வானம் மூட்டமாக இருந்தது. அவள் காலணாவைக் கையில் வைத்து எடை பார்த்தாள். காலைத் தொட்டாள். வெடுக்கென்று உள்ளே போயிற்று.

"குணமாயிடுச்சு" என்றாள். அவனைப் பார்க்காமலே சொன்னாள். "இனிமே நான் வர வேண்டியதில்ல."

சிங்காரம் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. திண்டிவனம் மாப்பிள்ளையாம். ஆமை வெளிய போனதும் எடம் வந்துடுச்சு பாருன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

சொல்லிவிட்டு நின்றாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி நின்றாள். சொல்லுடா, சொல்லு என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். ஆனால் படகேற முடியாத மீனவனுக்கு, இன்ஜின் கொட்டகையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு, நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண்ணிடம் என்ன சொல்ல வாய் வரும்?

"நல்லதுங்க" என்றான்.

அவள் போய்விட்டாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிங்காரம் பஸ் ஸ்டாண்டில் நின்றான். இரவு முழுக்கத் தூங்காத முகம். முருகையனின் கையில் நாலாக மடித்த சீட்டு ஒன்றைத் திணித்தான். "பிரம்மதேசத்துல பால்வாடி டீச்சர் வீட்டுல குடுத்துடுப்பா. அவசரம்."

அதில் இவ்வளவுதான் எழுதியிருந்தான்: 'காலணாவுக்கு ரொம்ப முடியலை. மூக்குல நுரை. வாயைத் திறந்து மூச்சு வாங்குது. கண்ணு வீங்கி இருக்குது. உடனே வரவும்.'

பத்தரை மணிக்கு அவள் வந்தாள். ஐயோ... வந்த கோலம்! அரக்குப் பட்டுப்புடவை, முழங்கால் வரை சேறு. பாதி மட்டும் வைத்திருந்த கனகாம்பரம் ஒரு பக்கம் தொங்கியது. செருப்பு ஒரு கையில். வரப்பு வழுக்கி விழுந்திருக்க வேண்டும், முழங்கையில் சிராய்ப்பு. மூச்சு இரைக்க இரைக்கக் கொட்டகைக்குள் நுழைந்தவள் பெட்டியைப் பார்த்தாள்.

காலணா செம்பருத்திப் பூவை மென்றுகொண்டிருந்தது. வாயெல்லாம் சிவப்பு.

அவள் குனிந்து அதை எடுத்தாள். காதில் வைத்தாள். மூக்கைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல? இதுக்கா... உங்களுக்கா?"

"காலையில... காலையில அப்படித்தாங்க இருந்துச்சு..."

"பொய்." குரல் உயரவில்லை. கண் மட்டும் நிரம்பியது. "ஓரணா எப்படிச் செத்துச்சுன்னு இந்த உலகத்துல உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். நான் எதை நெனச்சுப் பயப்படறேனோ அதையே எடுத்து எனக்கு எழுதி அனுப்பிச்சிட்டீங்களே... மூக்குல நுரை, கண்ணு வீக்கம்... வரிசையா..."

"டீச்சர்..."

"வர்ற வழியெல்லாம் சாமிகிட்ட அழுதுட்டு வந்தேன். இனிமே எனக்குச் சொல்லி அனுப்பாதீங்க. நான் வர மாட்டேன்."

தூறல் தொடங்கியிருந்தது. வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே அந்த அரக்குப் புடவை சின்னதாகிச் சின்னதாகிப் போய் மறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள் என்று முருகையன் மறுநாள் சொன்னார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடச் சிங்காரத்துக்கு வக்கில்லை.

*

அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் இருந்த உப்பெல்லாம் கரைந்தது. வரப்பு எது, பாத்தி எதுவென்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீர். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. இன்ஜினை நிறுத்தி, கோணிச் சாக்கால் போர்த்திவிட்டார்கள்.

அந்தக் கொட்டகை சூடாக இருந்தது இன்ஜினால்தான் என்பதை அவன் மறந்தே போனான். அவளை நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்ததில் பெட்டியில் புல் நமுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அரையணா தடியன், தாங்கிக்கொண்டான். ஐந்தாம் நாள் காலை காலணா சாப்பிட வரவில்லை. எடுத்துக் காதில் வைத்தான். மெல்லிய விசில்.

வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்கில் ஒரு நுரை முட்டை உப்பி உடைந்தது. அவன் எழுதியது அப்படியே, வரி மாறாமல் வரத் தொடங்கியிருந்தது.

யாருக்குச் சொல்லி அனுப்புவான்? சொன்னால் யார் நம்புவார்கள்? அவளிடம் கற்றதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான். புல்லை மாற்றினான். தனிப் பெட்டி, வெந்நீர்த் தட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டான். மூன்று நாள் ஆயிற்று. நுரை குறையவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது.

இதற்குமேல் அவனுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். மழைக்குப் பால்வாடியும் மூடிக் கிடந்தது. நம்பாவிட்டால் போகட்டும், செருப்பால் அடித்தாலும் போகட்டும் என்று எழுந்தான். சீசாவில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி, அதன் அணைப்பில் காலணாவை அதே கூடையில் வைத்து, மூன்று மணி பஸ் ஏறினான்.

பிரம்மதேசத்தில் இறங்கியபோது கொட்டு கொட்டென்று கொட்டியது. கூடைமேல் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, பனியனோடு நனைந்துகொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றான். அவள் அம்மா அருக்காணி எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா நீ? இன்னா வேணும்?"

"மரக்காணத்துலேருந்து வர்றேங்க. பேரு சிங்காரம். உப்பளத்துல இன்ஜின் ஓட்டுறேன்."

"கூடையில இன்னா?"

மீன் என்று சொல்லியிருக்கலாம். கீரை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி இதுவரை கண்ட லாபம் போதும் என்று தோன்றியது.

"ஆமைங்க."

"அடக் கடவுளே! சீட்டு எழுதி எம்பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவன் நீதானா? வாசப்படி தாண்டினே... தெரியும் சேதி! போ, போ!"

"நான் உள்ள வரலைங்கம்மா. இது நனையக் கூடாது. அந்த மாட்டுக் கொட்டாயில நின்னுக்கறேன். டீச்சர் ஒரு தடவை பார்த்தா போதும்."

அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து அவள் வந்தாள். பத்து நாளில் இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனால் அந்தக் கண்கள்... அவை இறுகவில்லை.

"டீச்சர்... போன தடவை சொன்னது பொய். இந்தத் தடவை நெஜம். என்னை நம்ப வேணாம். கூடையை மட்டும் தொறந்து பாருங்க."

அவள் மழையில் இறங்கி நடந்து மாட்டுக் கொட்டாய்க்கு வந்தாள். மூடியைத் திறந்தாள். அப்புறம் அவளுக்குக் கோபப்பட நேரமில்லை. ஈரமில்லாத வைக்கோலைக் கொண்டுவரச் சொன்னாள். கன்றுக்குக் கொசு அண்டாமல் போட்டிருந்த மூட்டத்தைப் புகை இல்லாமல் தணலாக்கச் சொன்னாள். காலணாவின் மூக்கைத் துணி முனையால் துடைத்தாள். மூடிய கண்ணை வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். சிங்காரம் குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்னதைச் செய்தான்.

"எத்தனை நாளாச்சு?"

"மூணு நாளு. இன்ஜின் நின்னதும் கொட்டகை குளுந்துடுச்சு. நான் கவனிக்கலை. உங்களையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் கை ஒரு கணம் நின்றது.

"எல்லாத்தையும் சொல்லிடறேங்க. அன்னிக்கு உங்களை இன்னொருத்தன் பார்க்க வர்றான்னதும் எனக்குத் தாங்கலை. போகாதீங்கன்னு சொல்ல தைரியம் இல்ல. ஆமை மேல பழியைப் போட்டு வரவழைச்சேன். பெரிய தப்பு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது... கடலுக்குள்ள எறங்கி என்னைத் திட்டினீங்களே, அன்னியிலேருந்து. நான் உங்களுக்கு ஏத்தவன் இல்ல. தெரியும். ஆனா பொய் சொன்னவன்னு மட்டும் உங்க மனசுல இருந்துடக் கூடாது."

மாடு ஒன்று பெருமூச்சு விட்டது. ஓலையில் மழை இரைந்தது. அவள் தலை நிமிராமல் காலணாவின் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப குணமாச்சு, தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"ஐப்பசி மொத சனிக்கிழமை..."

"புரட்டாசி மொத சனிக்கிழமை."

அவன் விழித்தான்.

"அன்னிக்கே மூச்சு சுத்தமா இருந்துச்சு. நல்லா கனத்துச்சு. அப்புறம் மூணு சனிக்கிழமை இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு சொன்னதெல்லாம்..." பஞ்சை மறுபடி வெந்நீரில் நனைத்தாள். "எனக்கு உங்ககிட்ட வர்றதுக்கு வேற சாக்கு இல்லையே..."

"டீச்சர்..."

"உங்க சீட்டு வந்ததும் என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லா இருக்கற ஜீவனை நோயாளி, நோயாளின்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே... என் பொய் பலிச்சுடுச்சுன்னு நெனச்சேன். அந்த வரப்பு முழுக்க அதை நெனச்சுத்தான் அழுதேன். வந்து பார்த்தா அது பூ தின்னுக்கிட்டு இருக்குது. கோபம் உங்க மேலயா, எம் மேலயான்னே எனக்குத் தெரியலை. போறேன்னு சொன்ன அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் நின்னேன். 'நல்லதுங்க'ன்னு சொன்னீங்க பாருங்க... ஆளைப் பாரு!"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. சிங்காரம் எத்தனை வாரம் ஏங்கியிருக்கிறான்! அவ்வளவு நாளும் எதிரில் உட்கார்ந்து அவளும் அதே கள்ளத்தனத்தைத்தான் செய்துகொண்டிருந்தாளா? எட்டிக் கண்ணைத் துடைத்துவிடலாமா என்று கை எழுந்தது. வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டுக் கீழே இறங்கியது.

அருக்காணி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் வந்து நின்றாள். கையில் ஆவி பறக்கிற செம்பு. எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ! இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த வெந்நீர் ஆறிப் போயிருக்கும். இந்தா" என்று செம்பை மகளிடம் நீட்டினாள். பிறகு அவனைப் பார்க்காமல், கம்பத்தைப் பார்த்துச் சொன்னாள். "இந்தாப்பா, நனைஞ்சு போய் நிக்கிறே. தலையைத் துவட்டு. இதுக்குன்னு உன்னை உள்ள கூப்பிட்டேன்னு நெனச்சுடாதே."

துண்டு ஒன்றை வைக்கோல்மேல் போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள்.

இருட்டுவதற்கு முன் மரக்காணத்துக்குக் கடைசி பஸ் இருந்தது. காலணாவை நகர்த்தக் கூடாது, இங்கேயே தணலருகில் இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அது கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. இன்னும் நாலு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள்.

சிங்காரம் வெறும் கையோடு வாசல்வரை போய் நின்றான். போக மனமில்லை.

"நாளன்னிக்கு வந்து பார்க்கட்டுமா? அது பொழைச்சுடுச்சுன்னா..."

அவள் கொட்டாயின் ஓரத்தில், ஓலையிலிருந்து சொட்டும் நீருக்கு இந்தப் பக்கம் நின்றாள். வளையல் கை தூணைப் பிடித்திருந்தது. இந்த முறை நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"பொழைச்சாலும் வாங்க" என்றாள். "பொழைக்கலைன்னாலும் வாங்க."